முன்னால் சின்னவள் நடக்கட்டும்

"மாமா, எனக்கு மூச்சே வாங்கலை. அப்புறம் ஏன் கால் நடுங்குது?"

கிராண்ட் கேன்யனின் தென் விளிம்பிலிருந்து கொலராடோ ஆற்றுக்கு இறங்கும் சவுத் கைபாப் பாதையில், ஸ்கெலிட்டன் பாயிண்ட் என்ற இடத்தில் நின்றுகொண்டு என் தங்கை மகள் கேட்ட கேள்வி இது. நான்காம் வகுப்புப் படிக்கிறாள். எடை 28 கிலோ. தங்கை குடும்பம் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் நகரை ஒட்டிய சாண்ட்லரில் இருக்கிறது. தங்கை, மாப்பிள்ளை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெரியவன், இவள், கூட நான். அக்டோபர் மாதம். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, சாப்பாடு எல்லாம் எங்கள் முதுகில். அவள் பையில் அவளுடைய தண்ணீர், ஒரு ஜாக்கெட், கொஞ்சம் கடலை மிட்டாய், அவ்வளவுதான். மூன்று கிலோ இருக்கும். வளரும் பிள்ளை தன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூக்க வேண்டியதில்லை.

நின்ற இடத்திலேயே அவள் முழங்காலுக்கு மேல் சதை தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. கையை வைத்துப் பார்த்தால் தெரிந்தது. முகத்தில் களைப்பே இல்லை.

உடலியல் அறிஞர்களையும் இந்தக் கேள்வி இழுத்திருக்கிறது. 1952-இல் ஆபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று ஆய்வாளர்கள் இரண்டு சைக்கிள்களை எதிரெதிராக நிறுத்தி ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார். மற்றவர் அந்தச் சுழற்சியைக் காலால் தடுத்துக்கொண்டே இருப்பார். இரண்டு பேர் காலிலும் இருக்கும் விசை ஒன்றுதான். ஆனால் அவர்கள் இழுக்கும் ஆக்சிஜனை அளந்தால், தடுப்பவருக்கு மிதிப்பவரைவிடப் பல மடங்கு குறைவாகவே செலவாகிறது. மிதிப்பவர் தசை சுருங்கி வேலை செய்கிறது. தடுப்பவர் தசை, இழுபட்டு நீண்டுகொண்டே எதிர்த்துப் பிடிக்கிறது.

மலைப்பாதையில் இறங்குவது இந்த இரண்டாவது வகை வேலை. சவுத் கைபாப் பாதை முழுக்கக் குறுக்கே மரக்கட்டைகளைப் பதித்துப் படி கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் உடல் கீழே விழப் பார்க்கிறது, தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே அதைத் தாங்கிப் பிடிக்கிறது. இப்படி நீளும்போது குறைவான இழைகளே வேலையில் இறங்குகின்றன. செலவு மிச்சம், ஆனால் இறங்கிய ஒவ்வோர் இழையின் மேலும் சுமை அதிகம். அதனால் இழைகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்கள் உண்டாகின்றன. நுரையீரல் 'எல்லாம் சரி' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொடை சேதமாகிக்கொண்டிருக்கிறது. வலி உடனே வராது. பழக்கமில்லாத வேலைக்குப் பின் ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து உச்சத்துக்கு வரும் இந்த வலியைத் தியோடர் ஹாஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1902-லேயே விவரித்து, தசைக்குள் நேரும் கிழிசலே காரணம் என்று கருதினார்.

பள்ளத்தாக்கில் இதன் பொருள் என்ன என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மலையேறப் போகிறவர் முதலில் ஏறுகிறார். முடியவில்லை என்றால் திரும்பினால் போதும், பாதை தானே கீழே கொண்டுபோய் விடும். இங்கே அது நடக்காது. புத்துணர்ச்சியோடு இருக்கும் காலை நேரத்தில் சரிவு நம்மை இழுத்துக்கொண்டு போகிறது, மூச்சும் வாங்குவதில்லை, எவ்வளவு தூரம் இறங்கினோம் என்று உடல் எச்சரிப்பதே இல்லை. தசை வலி உச்சத்துக்கு வரும் நாளில்தான் ஏற வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ இறங்கியதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஏறுவதற்கு ஒதுக்குங்கள் என்று தேசியப் பூங்காவின் ரேஞ்சர்கள் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார்கள். ஒரே நாளில் ஆற்றுக்குப் போய்த் திரும்ப முயல வேண்டாம் என்று பாதையிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையைக் கடந்து போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதற்றமாகவே இருக்கும்.

நல்ல செய்தியும் உண்டு. இந்தச் சேதத்தை ஒருமுறை அனுபவித்த தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவு சேதமடைவதில்லை. ஆகவே பயணத்துக்கு முன்னால் ஏறிப் பழகினால் மட்டும் போதாது, இறங்கியும் பழக வேண்டும். தங்கை வீட்டில் வார இறுதிகளில் ஃபீனிக்ஸின் சவுத் மவுண்டன் பூங்காவுக்குப் போய் ஏறி இறங்கியது இதற்காகத்தான். இன்னொன்று: ஒரே மாதிரி இறங்கு வேலை கொடுத்துப் பார்த்தால், சிறுபிள்ளைகளின் தசை பெரியவர்களுடையதைவிடக் குறைவாகவே சேதமடைகிறது. சின்னவளின் நடுக்கம் ஒரு வாய் கடலை மிட்டாயும் கால் மணி நேர உட்காரலும் ஆனதும் போய்விட்டது. மறுநாள் காலையில் கூடாரத்திலிருந்து எழ முடியாமல் தவித்தது மாப்பிள்ளைதான்.

ஆனால் வெயில் விஷயத்தில் கணக்கு அப்படியே மாறிவிடுகிறது. இந்த அத்தியாயத்தில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதைத்தான்.

சவுத் கைபாப் பாதை தொடங்கும் இடம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,200 மீட்டர். ஆற்றங்கரை சுமார் 750 மீட்டர். காற்று கீழே இறங்க இறங்க அழுத்தம் கூடி நெருக்கப்படுகிறது, நெருக்கப்படும் காற்று சூடாகிறது. உலர்ந்த காற்றானால் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி செல்சியஸ். பூங்கா வெளியிடும் சராசரிகள் இந்தக் கணக்குக்கு அருகில்தான் வருகின்றன. அக்டோபரில் தென் விளிம்பின் பகல் உச்சம் 18 டிகிரி, அடிப்பள்ளத்தில் 29. ஜூலையில் மேலே 29, கீழே 41. விளிம்பில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பைன் மரங்களுக்கு நடுவே தொடங்கும் நடை, கள்ளிச்செடிகளுக்கு நடுவே முடிகிறது. ஹார்ட் மெரியம் என்ற இயற்கையியலாளர் 1889-இல் பக்கத்துச் சான் பிரான்சிஸ்கோ சிகரங்களிலும் இந்தப் பள்ளத்திலும் அலைந்து, உயரத்துக்கு ஏற்பத் தாவர உலகம் மாறும் விதத்தை மண்டலங்களாகப் பிரித்துக் காட்டினார்.

நடக்கும் உடல் தன்னாலேயே சூடாகிறது. தசை எரிக்கும் ஆற்றலில் கால்பங்குதான் வேலையாக மாறும், மீதி முக்கால்பங்கு வெப்பம். சுமையோடு ஏறும் பெரியவர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் 400 கிலோகலோரிக்குக் குறையாமல் செலவிடுவார். அதில் 300 வெப்பமாகும். 70 கிலோ உடலை ஒரு டிகிரி சூடாக்க 58 கிலோகலோரி போதும். அந்த வெப்பம் வெளியேறாவிட்டால் ஒரே மணி நேரத்தில் உடல் ஐந்து டிகிரி ஏறிவிடும். அது உயிருக்கே ஆபத்து. காப்பாற்றுவது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரியை எடுத்துக்கொண்டு போகும்.

இனி 28 கிலோ உடலைப் பாருங்கள். அவள் தோலின் பரப்பு ஏறக்குறைய 1 சதுர மீட்டர். 70 கிலோ எடையுள்ள எனக்குச் சுமார் 1.8 சதுர மீட்டர். ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு தோல் என்று வகுத்துப் பார்த்தால், அவளுக்கு என்னைவிட ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். சின்ன உடல் எதற்கும் இந்த விதி பொருந்தும். வெளிக்காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை இது அவளுக்கு லாபம், வெப்பம் சீக்கிரம் வெளியே போகும். தோலின் வெப்பநிலை 35 டிகிரி அளவில் இருக்கும். காற்று அதைத் தாண்டிவிட்டால் வெப்பம் எதிர்த்திசையில், காற்றிலிருந்து உடலுக்குள் வருகிறது. அந்த 40 சதவீதக் கூடுதல் தோல் இப்போது அவளுக்கு எதிராக வேலை செய்கிறது. அப்போது ஒரே வழி வியர்வை. சிறுபிள்ளைகளின் வியர்வைச் சுரப்பி ஒவ்வொன்றும் பெரியவர்களுடையதைவிடக் குறைவாகவே சுரக்கும். அதே வேகத்தில் நடக்கக் குட்டைக் கால் அதிக அடிகள் வைக்க வேண்டும், ஆக ஒரு கிலோவுக்கு அவள் உண்டாக்கும் வெப்பமும் அதிகம்.

ஆகவே 29 டிகிரி அக்டோபரில் சின்னவள் எங்களோடு சமமாக, சில நேரம் எங்களைவிடச் சுகமாகவே நடக்க முடியும். 41 டிகிரி ஜூலையில் அதே பாதை அவளுக்கு முற்றிலும் வேறு இடம். ஜூலையில் பள்ளிக்கு விடுமுறை, விமான டிக்கெட் கிடைக்கிறது, அண்ணன் ஊரிலிருந்து வந்திருக்கிறான் என்பதெல்லாம் அந்த 35 டிகிரிக் கோட்டின் முன்னால் காரணங்களே இல்லை. "புள்ள நல்லா ஓடியாடுவா, சமாளிச்சுருவா" என்று சொல்லும் பெற்றோர் பொய் சொல்வதில்லை. விளிம்பில் நின்று பார்க்கும்போது அது உண்மை. கீழே இருக்கும் காற்றுக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான். கோடையில் போயே ஆக வேண்டியவர்களுக்கும் காலை பத்து மணிமுதல் மாலை நான்குவரை நடக்காதீர்கள், நிழலில் இருங்கள் என்பதே ரேஞ்சர்களின் அறிவுரை.

சவுத் கைபாப் முதுகெலும்பு போன்ற ஒரு மேட்டின்மேல் போகிற பாதை. இரண்டு பக்கமும் வெட்டவெளி, காட்சி பிரமாதம், நிழல் மிகக் குறைவு, தண்ணீர் ஒரு சொட்டுக் கிடையாது. ஆற்றுக்கு 11 கிலோமீட்டர். பாலைவனக் காற்றில் வியர்ப்பது தெரியவே தெரியாது. சுரந்த நொடியே ஆவியாகிவிடும், சட்டை காய்ந்தே இருக்கும். மாலையில் பெரியவன் சட்டையைக் கழற்றியபோது முதுகுப்பையின் பட்டை பட்ட இடங்களைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக வளையங்கள் இருந்தன. விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு" என்றான்.

அந்த உப்பில்தான் இந்தப் பாலைவனத்தின் அதிகம் பேசப்படாத ஆபத்து ஒன்று இருக்கிறது. தண்ணீர் குடிக்காமல் மயங்குவது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் மட்டுமே குடித்துக்கொண்டிருந்தாலும் ஆபத்து உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ரத்தத்தில் சோடியம் ஒரு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்க வேண்டும். மணிக்கணக்கில் வியர்த்து உப்பை இழந்தவர், ஒன்றும் சாப்பிடாமல் வெறும் தண்ணீரைக் குடம்குடமாகக் குடித்தால் அந்த அளவு நீர்த்துப்போகிறது. சவ்வூடு பரவலால் தண்ணீர் செல்களுக்குள் புகுகிறது. மண்டையோட்டுக்குள் வீங்க இடமில்லாத மூளைதான் முதலில் பாதிக்கப்படும். தலைவலி, குமட்டல், தடுமாற்றம், முற்றினால் வலிப்பு. வெயிலில் தண்ணீர் வற்றியவருக்கும் தொடக்கத்தில் இதே தலைவலியும் குமட்டலும்தான் வரும். சுற்றி நிற்பவர்கள் பதறிப்போய், "இன்னும் தண்ணி குடி" என்பார்கள். கிராண்ட் கேன்யனில் வெயிலால் சாய்ந்து விழுந்தவர்களைச் சோதித்த மருத்துவர்கள், அவர்களில் சிலருக்குப் பிரச்சினை சோடியம் குறைவுதான் என்று கண்டு எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு இங்கே எச்சரிக்கையின் வாசகம் மாறியது: குடி, கூடவே உப்பாகச் சாப்பிடு.

தங்கை சொல்லிக்கொண்டே வந்தாள்: "தாகம் எடுத்தா குடி. குடிச்சா ஒரு வாய் முறுக்கு." முறுக்கு நசுங்கித் தூளாகிவிட்டது. பரவாயில்லை, உள்ளே போனால் சரி. இரண்டு பெரியவர்கள் பையிலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இருந்தன. அந்தப் பொட்டலத்தின் கதை எனக்கு மிகப் பிடித்த அறிவியல் கதைகளில் ஒன்று. குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஒரே வாசலில் கைகோத்துத்தான் நுழைகின்றன என்று ராபர்ட் கிரேன் 1960-இல் விளக்கினார். அவை போகும் இடத்துக்குத் தண்ணீரும் பின்னாலேயே போகிறது. 1971-இல் வங்கதேசப் போரின்போது, எல்லையோரப் போன்கான் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். இறப்பு விகிதம் பெருமளவு குறைந்தது. அவர் 2022-இல் மறைந்தார், மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. அரிசோனாப் பாலையில் ஒரு சிறுமியின் பாட்டிலில் கரையும் பொட்டலம் அந்த முகாமுக்குக் கடன்பட்டது. இதை அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப எலுமிச்சை ஃபிளேவர் யார் போட்டது?" என்றாள்.

ஆற்றை ஒரு சுரங்கவழியும் அதை ஒட்டிய தொங்குபாலமும் தாண்ட வைக்கின்றன. 1928-இல் கட்டி முடித்த பாலம். அதன் பெரிய கம்பிவடங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு டன். கோவேறு கழுதையில் ஏற்ற முடியாத நீளம். 42 பேர் வரிசையாக நின்று, வடத்தைத் தோளில் சுமந்து, இந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் நடந்தே இறக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஹவாசுபாய் மக்கள், இந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகள். அதே 1928-இல்தான், சற்று மேலே பிரைட் ஏஞ்சல் பாதையில் ஊற்றோடிருந்த அவர்களுடைய தோட்ட நிலத்திலிருந்து கடைசி ஹவாசுபாய்க் குடியிருப்பாளரைப் பூங்கா நிர்வாகம் வெளியேற்றியது. பாலத்தில் நின்று பிள்ளைகளிடம் இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னேன். ஒன்றை விட்டு மற்றதைச் சொல்வது நியாயமில்லை. 2022-இல் அந்த இடத்துக்கு ஹவாசுபாய் கார்டன்ஸ் என்று அதிகாரபூர்வமாகப் பெயர் மாற்றினார்கள்.

பாலத்தின் கீழே ஓடும் ஆறு ஜில்லென்று இருக்கும். மேலே கிளென் கேன்யன் அணை 1963-இல் மூடப்பட்டதுமுதல், நீர்த்தேக்கத்தின் ஆழத்திலிருந்து திறக்கும் தண்ணீரே இங்கே வருகிறது. அக்கரையில் வந்து சேரும் பிரைட் ஏஞ்சல் ஓடை ஆழமில்லாதது. முகாம் அதன் கரையில்தான். சின்னவள் சட்டையோடு ஓடையில் உட்கார்ந்து எழுந்து, சொட்டச் சொட்ட நடந்தாள். தங்கை அதட்ட வாயெடுத்தாள், நான் தடுத்தேன். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எதனாலோ அதனாலேயேதான் ஈரச்சட்டைக்குள் இருக்கும் உடலும் குளிர்கிறது. பானைக்குக் கசிவு உள்ளிருந்து வர வேண்டும். சட்டையை ஓடையில் நனைத்தால் உடல் தன் தண்ணீரையும் உப்பையும் செலவழிக்காமலே குளிர்ச்சி கிடைத்துவிடும். வியர்வைச் சுரப்பி குறைவாகச் சுரக்கும் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த உதவி கிடையாது.

முகாமில் சாப்பாட்டையெல்லாம் இரும்புப் பெட்டியில் பூட்டிவைக்கச் சொல்கிறார்கள். பாறை அணில்கள் பையைக் கடித்துக் கிழித்துவிடும். இருட்டியதும் பெரியவன் புற ஊதா டார்ச்சை எடுத்தான். இந்த இடத்துக்காகவே வாங்கிவைத்திருந்தது. ஓடைக்கரைக் கற்சுவரில் ஒளியை மெதுவாக நகர்த்தினான். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, திடீரென்று ஒரு கல்லிடுக்கில் பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் ஒரு தேள் பளிச்சென்று எரிந்தது. விரல் நீளம்கூட இல்லை. வால் ஒருபக்கமாகச் சாய்ந்து சுவரோடு ஒட்டியிருந்தது. டார்ச்சை அணைத்துச் சாதாரண விளக்கை அடித்தால் வெறும் கல்தான் தெரிந்தது, கல்லின் நிறமே அதற்கும். மறுபடி புற ஊதா, மறுபடி அந்தப் பச்சை. தேளின் மேலோட்டில் இருக்கும் சில வேதிப்பொருள்கள் புற ஊதா ஒளியை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பிவிடுகின்றன. புதிதாகத் தோலுரித்த தேள் ஒளிராது, ஓடு இறுக இறுகத்தான் ஒளி வரும். இதனால் தேளுக்கு என்ன பயன் என்பதில் பல கருத்துகள் உண்டு. உடல் முழுவதையும் ஒளியுணரும் தோலாக வைத்து, நிலவொளியா மறைவிடமா என்று அது பிரித்தறிகிறது என்பது அவற்றில் ஒன்று, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

அமெரிக்கத் தேள்களிலேயே நஞ்சு மிகுந்த பார்க் ஸ்கார்ப்பியன் இந்தப் பள்ளத்தில் உண்டு. சுவரிலும் மரத்திலும் ஏறக்கூடியது. அது கொட்டினால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கடும் வலியோடு போகும். நஞ்சின் அளவு ஒன்றே, உடல் சின்னது என்பதால் சிறுபிள்ளைகளுக்கு மூச்சுத் திணறல்வரை போகலாம். மெக்சிகோவில் உருவான அதற்கான முறிமருந்துக்கு அமெரிக்காவில் 2011-இல் அனுமதி கிடைத்தது. காலணியைத் தட்டிப் போடு, ஸ்லீப்பிங் பேக்கைப் படுக்கும்போது மட்டும் விரி, இரவில் வெறுங்காலோடு இறங்காதே என்று சின்னவளிடம் மூன்று பேரும் சொன்னோம். அவள் பயப்படவில்லை. அது எப்படி எரிகிறது என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஏறுவதற்குப் பிரைட் ஏஞ்சல் பாதை. முகாமிலிருந்து விளிம்புக்குச் சுமார் 15 கிலோமீட்டர், சவுத் கைபாப்பைவிட நீளம், ஆனால் சரிவு தணிவு, வழியில் தண்ணீரும் நிழலும் உண்டு. நடுவில் ஹவாசுபாய் கார்டன்ஸில் தங்கிப் போவதென்று அனுமதிச் சீட்டு வாங்கும்போதே முடிவுசெய்திருந்தோம். விடியுமுன் புறப்பட்டோம். ஆற்றோரம் முழுக்கக் கரும்பாறை, விஷ்ணு ஷிஸ்ட். ஏறக்குறைய 175 கோடி ஆண்டுகளுக்கு முன், எரிமலைக் குழம்பும் கடலடிச் சேறும் பூமிக்குள் அமுங்கி, வெந்து உருமாறிய பாறை. இடையிடையே இளஞ்சிவப்புக் கிரானைட் நரம்புகள். பகலில் வாங்கிய வெப்பத்தை இந்தக் கரும்பாறை இரவு முழுக்கத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். விடியலிலும் அதில் முதுகைச் சாய்த்தால் இளஞ்சூடு தெரிகிறது.

டெவில்ஸ் கார்க்ஸ்க்ரூ என்ற வளைவுகளைத் தாண்டி ஓர் இடுக்கில், இந்தக் கரும்பாறையின்மேல் பழுப்பு மணற்கல் படுக்கை படுக்கையாக உட்கார்ந்திருக்கிறது. டேப்பீட்ஸ் மணற்கல், வயது சுமார் 51 கோடி ஆண்டு. கேம்பிரியன் காலக் கடற்கரை மணல். 175 கோடியும் 51 கோடியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. நடுவில் ஒரு படிவும் இல்லை. சின்னவள் கையை விரித்து வைத்தாள்: சுண்டுவிரல் கரும்பாறையில், கட்டைவிரல் மணற்கல்லில். அவள் உள்ளங்கைக்குக் கீழே இல்லாமல் போனது ஏறக்குறைய 120 கோடி ஆண்டு. அவ்வளவு காலமும் இங்கே ஒன்றும் நடக்காமல் இல்லை. மலைகள் எழுந்து தேய்ந்தன, பாறைகள் படிந்து அரிக்கப்பட்டுப் போயின. பக்கத்திலேயே சில இடங்களில் சாய்ந்த அடுக்குகளாக அந்தக் காலத்தின் துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன. நாங்கள் இறங்கிவந்த பாதையின் அடிப்பகுதியில் ஆரஞ்சுச் சிவப்பாகத் தெரிந்தது அவற்றில் ஒன்று. ஒரு கையை இழந்த ஜான் வெஸ்லி பவல் 1869-இல் மரப்படகுகளில் இந்த ஆற்றில் வந்தபோதே இந்த இடைவெளியைக் கண்டுகொண்டார். இன்று இதைப் பெரும் இடைமுறிவு என்கிறோம். அந்த மேற்பரப்பை அரித்தது எது, எப்போது என்பதில் புவியியலாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்கு மேல் காலம் வேகமாகப் போகிறது. மேலிருந்து வழிந்த இரும்புத் துருவால் சிவப்புச் சாயம் ஏறிய ரெட்வால் சுண்ணாம்புக்கல், சுமார் 34 கோடி. பழைய பாலைவன மணல்மேடுகள் அப்படியே உறைந்த கோகோனினோ மணற்கல். அதில் எலும்பு இல்லை, விலங்குகளின் காலடித் தடங்கள் மட்டும் உண்டு. உச்சியில் கடல் உயிர்களின் ஓடுகள் நிறைந்த கைபாப் சுண்ணாம்புக்கல், 27 கோடி. இத்தனையையும் ஆறு இன்றைய வடிவில் அறுத்தது கடந்த 50, 60 லட்சம் ஆண்டுகளில்தான் என்பது பெரும்பாலோர் கணிப்பு. சில பகுதிகள் அதைவிடப் பழையவை என்போரும் உண்டு.

ஏறும்போது கணக்குப் போட்டுக்கொண்டே வந்தோம். என் எடையும் பையும் சேர்த்து 82 கிலோ. அதை 1,335 மீட்டர் தூக்க இயற்பியல் கேட்பது 256 கிலோகலோரி. தசையின் திறன் கால்பங்கு என்பதால் உடல் எரிப்பது ஆயிரத்துக்குச் சற்று மேல். இது உயரத்துக்கு மட்டும், தூரத்துக்குத் தனி. சின்னவளுக்குப் பையோடு 31 கிலோ, ஏறத்தாழ 390 கிலோகலோரி. நாள் முழுக்க அவளுக்கு வேண்டிய உணவில் கணிசமான பங்கு அது. பெரியவன் இந்தப் பெருக்கலையெல்லாம் மனக்கணக்காகப் போட்டு, "அப்ப அவளுக்கு நம்மளைவிட அடிக்கடி பசிக்கணும் மாமா, சின்ன வயிறு இல்ல" என்றான். சரியாகச் சொன்னான். மணிக்கொரு முறை நின்று சாப்பிட்டோம்.

வரிசையில் முன்னால் சின்னவள். அவள் வைத்த அடியே எல்லோருடைய அடியும். நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதுதான் அளவுகோல். வாக்கியம் நடுவில் உடைந்தால் தசை ஆக்சிஜன் வரவுக்கு மேல் செலவழிக்கிறது என்று அர்த்தம், வேகத்தைக் குறைக்க வேண்டும். பெரியவர்கள் முன்னால் போனால் பிள்ளை கடைசியில் தொங்கிக்கொண்டு வருவாள், நாம் நின்று காத்திருந்து இளைப்பாறி, அவள் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவோம். அதிக ஓய்வு தேவைப்படுகிற உடலுக்கு ஓய்வே கிடைக்காது. பல குடும்பங்களை இந்தப் பாதையில் அப்படிப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். கோவேறு கழுதை வரிசை வந்தபோதும் ரேஞ்சர் சொன்னபடி சரிவின் உட்பக்கமாக ஒதுங்கி, அவளை நடுவில் விட்டு நின்றோம்.

விளிம்பை நெருங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. கடைசி வளைவுகளில் காற்று ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஒரு டிகிரி என்ற கணக்கில் குளிர்ந்துகொண்டே வந்தது. ஏறிய வியர்வையில் சட்டைகள் இப்போது ஈரமாகவே இருந்தன. மேலே அந்தக் குளிரில் ஆவியாக நேரமெடுத்தது. கீழே அவளைக் காத்த ஈரம் இங்கே அவள் சூட்டைப் பறிக்கும். ஒரு கிலோவுக்கு 40 சதவீதம் கூடுதல் தோல், அதே விகிதத்தில் சீக்கிரம் குளிர்ந்துபோகும். உதடு லேசாக நிறம் மாறத் தொடங்கியிருந்தது. "அண்ணே, பையை அப்புறம் இறக்கலாம், அவ ஜாக்கெட்டை எடு" என்றாள் தங்கை. பாதை முடியுமிடத்தில் போட்டோ எடுக்க நின்ற கூட்டத்தைத் தாண்டி, ஒரு சுவரோரமாக உட்காரவைத்து, அவளுக்கு முதலில் உலர்ந்த சட்டை மாற்றினோம்.